குளிர்பெட்டியில் என் மகன்

என் மகனின் ரத்தம் இன்னும் சென்னையில் இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னபோது நான் தறிக்கு அட்டை அடித்துக்கொண்டிருந்தேன். சுத்தியலைக் கீழே வைத்தேனா, கையிலேயே பிடித்திருந்தேனா என்று நினைவில்லை. மகன் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் அவனை இறக்கி வைத்தது என் கைகள்தான். அவனில் மிச்சம் என்று இந்த உலகத்தில் எதுவும் இல்லை என்பதற்கு நானும் என் மனைவியும் மெல்ல மெல்லப் பழகியிருந்தோம்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். தோளில் ஒரு கருப்புப் பை. அன்று கருட சேவை என்பது தெரியாமல் கிளம்பி வந்திருக்கிறாள். பேருந்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் இடிபட்டு, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவைக் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்தபோது முகமெல்லாம் சிவந்திருந்தது. என் மகனின் பெயரைச் சொல்லி, அவனுடைய வீடு இதுதானா என்று கேட்டாள். அவன் பெயரை வெளி ஆள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. உள்ளேயிருந்து என் மனைவி வந்து ஆமாம் என்றாள்.

புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பட்டுப்புடவையின் கரையிலும் முந்தானையிலும் வரும் மயிலும் யானையும் எங்கிருந்து வருகின்றன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் அட்டைகள் மாலைபோலக் கோத்துத் தொங்கும். அட்டையில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே உள்ள இழை மேலே எழும்பும். அந்த ஓட்டைகளைப் போடுவதுதான் என் வேலை. யாரோடும் பேச வேண்டாம். அதனாலேயே அது எனக்குப் பிடித்த வேலையாக இருந்தது.

என் மனைவி என் சொந்த அக்காவின் மகள். எங்கள் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது உரிமை. கட்டாமல் வெளியில் போனால்தான் ஏன் என்று கேட்பார்கள். அவள் பிறந்த அன்றே எனக்கு என்று சொல்லிவிட்டார்களாம். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் என்னை மாமா என்றே கூப்பிட்டாள். அக்கா எனக்கு மாமியாராகவும் ஆனாள், ஆனாலும் எனக்கு அவள் அக்காதான். பெண் பார்க்கப் போய்ப் புது மனிதர்கள் முன்னால் உட்கார வேண்டிய கஷ்டம் எனக்கு இல்லாமல் போனது. அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

எங்களுக்கு முதலில் மகன், அடுத்து மகள். மகன் பிறக்கும்போதே சின்னதாக இருந்தான். வலது கையில் கட்டை விரல் பெயருக்குத்தான் இருந்தது, எலும்பில்லாத மாதிரி தொங்கும். உடம்பில் அங்கங்கே காப்பி சிந்தியதுபோலத் திட்டுகள். அதிர்ஷ்ட மச்சம் என்றாள் அக்கா. பள்ளிக்கூடத்தில் கடைசி வரைக்கும் முதல் வரிசையில்தான் நின்றான். பத்து வயதுக்கு மேல் வெளுக்க ஆரம்பித்தான். ஈறில் ரத்தம் வந்தது, லேசாக இடித்துக்கொண்டாலும் உடம்பு கன்றிப்போனது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தம் ஊறவில்லை என்று முதலில் சொன்னார்கள். அப்புறம் ரத்தப் புற்றுநோய் என்றார்கள். புற்றுநோய் பீடி பிடிப்பவர்களுக்கு வருவது என்றுதான் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு எப்படி என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. கேட்கவில்லை.

மகனுடைய காரியத்தின்போது அக்கா எல்லார் முன்னாலும் என் மனைவியிடம் ஒன்று சொன்னாள். ரத்த நோயில் பிள்ளை செத்த வீட்டுப் பெண்ணை இனி வெளியில் எவன் கட்டுவான், இவள் என் பிள்ளைக்கே இருக்கட்டும் என்றாள். அக்கா மகன், அதாவது என் மனைவியின் தம்பி, அப்போது இருபதை நெருங்கிக்கொண்டிருந்தான். என் மகள் சின்னப் பெண். அக்கா சொன்னது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பெண் நம் ரத்தத்திலேயே பத்திரமாக இருப்பாள் என்று நானும் அன்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அந்தச் சென்னைப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மகளுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது. ஆவணியில் நிச்சயம் செய்வதாக இருந்தோம். கல்யாணப் புடவைக்குத் தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. அதற்கு அட்டை அடிக்கும்போதுதான் அவள் வாசலில் வந்து நின்றாள்.

மோர் குடித்துவிட்டு அவள் நிதானமாகச் சொன்னாள். என் மகனைப் பார்த்த டாக்டர்களில் ஒருவர் அவனுடைய ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துப் பனிக்கட்டியைவிடப் பல மடங்கு குளிரான பெட்டியில் வைத்திருந்தாராம். இந்த நோயைப் பிற்காலத்தில் யாராவது புரிந்துகொள்வார்கள் என்று நம்பி வைத்தாராம். என்னிடம் அன்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அன்று எத்தனையோ காகிதத்தில் போட்டேன். இப்போது இந்தப் பெண் அந்த மாதிரிப் பிள்ளைகளின் ரத்தத்தை ஆராய்கிறாள். அவள் ரத்தத்தைத் தொடுவதுகூட இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றாள்.

என் மனைவி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அவ்ளோ குளுர்ல வச்சிருக்கீங்களே, அவன் தாங்குவானாமா?"

அந்தப் பெண் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் வந்து பார்க்கலாம் என்றாள்.

அவள் வந்த வேலை எங்கள் ரத்தத்தையும் கேட்பது. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவள், மூவருடைய ரத்தமும் இருந்தால்தான் மகனுடையதில் எது எங்கிருந்து வந்தது என்று கம்ப்யூட்டர் பிரித்துச் சொல்லுமாம். எங்கள் உறவுகளை ஒரு காகிதத்தில் வட்டமும் கட்டமுமாக வரைந்துகொண்டே வந்தாள். நானும் என் மனைவியும் மாமன், அக்கா மகள் என்றதும் இரண்டு கோடு சேர்த்துப் போட்டாள். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள் என்றதும் அங்கேயும் இரண்டு கோடு. என் மனைவி பெருமையாகவே சொன்னாள், எங்கள் வீட்டில் வெளி ஆள் யாரும் கிடையாது, எல்லாம் உள்ளுக்குள்ளேயே என்று. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டதா என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வெளியில இன்னாத்துக்குப் பாக்கணும்? என் தம்பிதான்."

காகிதத்தின் மேல் அவள் பேனா நின்றுபோனதை நான் பார்த்தேன். எங்கே ஓட்டை போடுவது என்று சந்தேகம் வந்தால் என் கையும் அப்படித்தான் நிற்கும். முடிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அக்கா மகன் ஏனாத்தூர் கல்லூரிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். எந்த நேரமும் சிரிப்பும் கேலியும்தான். ரத்தம் கொடுக்க வேண்டும் என்றதும் பின்வாங்கினான். மாப்பிள்ளைக்கு என்னமோ கோளாறு என்று ஊரில் பேசுவார்கள் என்றான். என் மகள் அவன் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஊசிக்குப் பயம்னு நேரா சொல்லேன் மாமா. நாலு பேரு கேட்டா நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

"உன்னையே கட்டிக்கப் போறேன், ஊசிக்கா பயப்படுவேன்?"

மறுவாரமே அவன் வேனிலேயே எல்லாரும் சென்னைக்குப் போனோம். அக்கா மட்டும் வரவில்லை. செத்தவனைக் கிளறுகிறார்கள் என்று அவளுக்குக் கோபம்.

ரத்தம் எடுத்த பிறகு அந்தப் பெண் எங்களை அந்தக் குளிர்பெட்டியிடம் அழைத்துப்போனாள். பீரோ மாதிரி உயரமாக, வெள்ளையாக இருந்தது. திறந்தால் கெட்டுவிடும் என்று திறக்கவில்லை. என் மனைவி கதவின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றாள். கதவு வெளியே சூடாகத்தான் இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். அதில் அவளுக்கு என்னவோ ஒரு திருப்தி.

பிறகு ஓர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள். மகனுடைய ரத்தத்தை ஏற்கனவே படித்துவைத்திருந்தார்கள். திரையில் நீள நீளமாகப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் சின்னச் சின்னக் கோடுகள், இரண்டு நிறம் கலந்து நெருக்கமாக. கரை டிசைன் வரைந்த கட்டத்தாள் போலத்தான் எனக்கு இருந்தது. அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். ஒவ்வொரு மனிதனுக்கும் உடம்பை நடத்தும் எழுத்துகள் இரண்டு தொகுதியாக இருக்கின்றன, ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருப்பதால்தான் இரண்டு நிறம். உடம்பில் புதுசாகச் செல் உண்டாகும்போதெல்லாம் இந்த எழுத்துகள் படியெடுக்கப்படும். படியெடுக்கும்போது அங்கங்கே அறுந்துபோவது எல்லாருக்கும் நடப்பதுதான். அறுந்ததை ஒட்டவைக்க உடம்பிலேயே ஆள் உண்டு. என் மகனுக்கு அந்த ஒட்டுகிற ஆள் இல்லை. அறுந்தது அறுந்தபடி, தப்பாக ஒட்டியது ஒட்டியபடி சேர்ந்துகொண்டே போனது. அப்படிச் சிதைந்து சிதைந்து ஒரு நாள் புற்றுநோயாக ஆகிவிட்டது.

எனக்கு உடனே அட்டை மாலைதான் நினைவுக்கு வந்தது. தறியில் ஓடும்போது அட்டை கிழியும். கிழிந்ததை எடுத்து ஒட்டுப்போட்டு மறுபடி கோக்க வேண்டும். யாரும் ஒட்டாமல் விட்டால் மயிலுக்குக் கழுத்து இருக்காது, யானைக்குக் கால் இருக்காது. அப்படியே ஓட்டினால் புடவையே குப்பை. இதை அவளிடம் சொல்ல வாய் வந்தது, கூச்சத்தில் சொல்லவில்லை.

"ஒட்டுற ஆள் ஏன் இல்ல?" என்று கேட்டது என் மகள்.

அந்தப் பெண் ஒரு பட்டையைப் பெரிதாக்கிக் காட்டினாள். நெருக்கமாக இரண்டு நிறமாக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் ஓர் இடத்தில் நின்று, நெடுந்தூரம் ஒரே நிறமாக, உருவம் எதுவும் நெய்யாத புடவை நடுப்பகுதிபோல ஓடின. இந்த இடத்தில் அப்பாவிடமிருந்து வந்ததும் அம்மாவிடமிருந்து வந்ததும் ஒன்றேதான் என்றாள். ஒரே முன்னோரிடமிருந்து இரண்டு வழியாக இறங்கி இவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இதே நோயுள்ள வேறு வேறு ஊர்ப் பிள்ளைகளின் பட்டைகளைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், ஒட்டுகிற ஆளுக்கான எழுத்து அந்த ஒரே நிற இடத்துக்குள்தான் இருந்ததாம். அதில் ஒரு பிழை. ஒரு தொகுதியில் பிழை இருந்தாலும் இன்னொன்று நன்றாக இருந்தால் வேலை நடந்துவிடும். அதனால்தான் நானும் என் மனைவியும் நோயில்லாமல் இருக்கிறோம். மகனுக்கு இரண்டு பக்கமும் பிழையே வந்துவிட்டது.

"எங்க ரெண்டு பேர்கிட்டேந்துமா?" என்று கேட்டாள் என் மனைவி.

ஆமாம் என்றாள் அந்தப் பெண். அது யார் தப்பும் இல்லை என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது வார்த்தை எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

எத்தனை கோயில், எத்தனை நேர்த்திக்கடன். யார் கண் பட்டதோ என்று தெருவில் எத்தனை பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள் என் மனைவி. வெளியிலிருந்து வந்தது என்றே வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தோம். அது எங்கள் இரண்டு பேருக்குள்ளேயும் உட்கார்ந்துகொண்டிருந்தது. நான் மகனைத் தூக்கி வைத்துக்கொண்ட போதெல்லாம் எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. என் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மகளுடைய ரத்தத்துக்கும் அக்கா மகனுடைய ரத்தத்துக்கும் பதில் வரச் சில வாரம் ஆனது. அந்தப் பெண் போனில் சொல்ல மாட்டேன் என்றாள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக வரச்சொல்லி, பக்கத்தில் ஒரு டாக்டரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். மகள் முதலில் உள்ளே போய் வந்தாள். அப்புறம் அவன். வெளியே வந்தவன் எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான், முகம் கோணிக்கொண்டது. இரண்டு பேருக்கும் ஒரு பக்கத்தில் அந்தப் பிழை இருக்கிறது. இரண்டு பேருமே ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். வேறு வேறு ஆட்களைக் கட்டினால் பயப்பட அநேகமாக ஒன்றும் இல்லை. இவர்களே கட்டிக்கொண்டால் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், நாலில் ஒன்று என்ற கணக்கில், என் மகனுக்கு வந்தது வரலாம்.

எதை நாங்கள் பத்திரம் என்று நினைத்துப் பெண்ணை வெளியில் கொடுக்காமல் வைத்திருந்தோமோ அதுதான் ஆபத்து. காரியத்தன்று அக்கா சொன்னதும், நான் நிம்மதியாக மூச்சு விட்டதும் நினைவுக்கு வந்தன. அந்த ஆஸ்பத்திரித் தோட்டத்தில் போய் வாந்தி எடுத்தேன்.

அவர்கள் இருவரும் வேனில் முன்னால் போய்விட்டார்கள், தங்களுக்குள் பேச வேண்டும் என்று. நானும் மனைவியும் வாலாஜாபாத் வழிப் பேருந்தில் வந்தோம். அவள் ஜன்னல் பக்கம். வாலாஜாபாத்தில் பேருந்து நின்றது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் ஜன்னலுக்குக் கீழே கத்திக்கொண்டிருந்தார்கள். அப்போது கேட்டாள்.

"நான் வேற ஆளையும் நீங்க வேற ஆளையும் கட்டியிருந்தா அவன் உசுரோட இருந்திருப்பானா மாமா?"

நான் யோசித்தேன். பேருந்து கிளம்பி, பாலாறு ஒரு பக்கம் தெரிந்து மறைந்து, ஊர் நெருங்கும் வரைக்கும் யோசித்தேன்.

"அவன் பொறந்தே இருக்க மாட்டான். வேற யாரோ பொறந்திருப்பாங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள். அத்தனை வருடத்தில் பேருந்தில், நாலு பேர் பார்க்க, அவள் சாய்ந்தது அந்த ஒரு முறைதான்.

அக்காவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இருந்ததில்லை, எதையும் நிறுத்தும் தைரியமே இருந்ததில்லை. சின்ன வயதிலிருந்து எனக்காகப் பேசியது அக்கா. கடையில் மிட்டாய் கேட்பதுகூட அவள்தான். அவள் முன்னால் உட்கார்ந்து, திரையில் பார்த்த பட்டையையும் ஒரே நிறத்தையும் அறுந்ததை ஒட்டுகிற ஆளையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவள் பூ கட்டிக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் பூவை ஒதுக்கினாள்.

"இன்னாடா சொல்ற நீ? கம்ப்யூட்டரு வர்றதுக்கு முன்னாலேந்து நம்ம வூட்ல இப்படித்தான் கட்டிக்கினு வர்றோம். எல்லாரும் செத்தா போயிட்டோம்?"

அந்தச் சென்னைப் பெண்ணையும் வைதாள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் குடும்பத்தைப் பற்றி என்ன தெரியும் என்றாள். நான் பையனின் அந்தக் கட்டை விரல்கூட இதனால்தானாம் அக்கா, அது ஓர் அடையாளமாம் என்று மட்டும் சொன்னேன்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள், ஆனால் என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை. தன் கட்டை விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"நமக்கு நடுவுல ஒருத்தன் இருந்தான்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளுக்குப் பிறகு, எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தானாம். அக்காதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாளாம். ஆறு வயது வரைக்கும் இருந்தானாம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது வெளுத்து, மூக்கில் ரத்தம் வடிந்து போய்விட்டானாம். அம்மா அழுது அழுது பால் வற்றியதால், இனி அவன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம். அக்கா எடுக்கவில்லை. ஐம்பது வருடம் எடுக்கவில்லை.

"அவனுக்கும் விரலு இப்படித்தான்டா இருந்துது. இடுப்புல இருக்கும்போது என் சோளிய இறுக்கிப் புடிக்க வராது அவனுக்கு. வழுக்கிக்கினே இருப்பான். உன் புள்ளைய மொத தடவ தூக்கனப்ப அந்த விரலப் பாத்தேன். பாத்தேன், சொல்லல. அவனே திரும்பி வந்துட்டான்னு நெனச்சேன்."

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதை என் ஐம்பதாவது வயதுக்குப் பக்கத்தில் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டருக்கும் தெரியாது அது. அந்தப் பெண் வரைந்த காகிதத்தில் எனக்கும் அக்காவுக்கும் நடுவில் வெற்றிடம்தான் இருந்தது.

அக்கா பிறகு கேட்டாள், என் மகள் வயிற்றிலும் அப்படி ஒன்று வருமா என்று. வரலாம் என்றேன். பூவை எடுத்தாள், கட்டவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள்.

"என் பையன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றாள். அப்போதும் எனக்காக அவள்தான் பேசினாள்.

ஆனால் அவன் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனிடம் ஒரு யோசனை இருந்தது. வயிற்றில் இருக்கும்போதே பார்த்துச் சொல்லிவிடுவார்களாம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டானாம். இல்லையென்றால் பிள்ளையே வேண்டாம், எத்தனையோ பேர் இல்லாமல் இருக்கிறார்கள் என்றான். கெஞ்சுகிற குரலில் அவன் பேசி நான் கேட்டதே இல்லை. என் மகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கடைசியில அண்ணன் தண்ணி கேட்டுது மாமா. குடுத்தா வாயெல்லாம் ரத்தமா வந்துது. டம்ளர நான்தான் புடிச்சிருந்தேன். ஒவ்வொரு தடவையும் இது அப்படியா இருக்குமோன்னு நான் வயித்தப் புடிச்சிக்கினு நிக்கணுமா? என்னால ஆவாது."

அவன் வாசலில் நின்று செருப்பைப் போட்டான். ஒரு கால் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, அது தெரியாமலே கொஞ்ச தூரம் போனான். நான் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

அப்புறம்தான் எனக்குக் கஷ்டகாலம் வந்தது. மகளுக்கு வெளியில் மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அதாவது புது மனிதர்கள் முன்னால் நான் உட்கார வேண்டும். வாலாஜாபாத்தில் ரைஸ்மில்லில் கணக்கெழுதும் பையன் ஒருவன் அமைந்தான். அவன் பெற்றோர் வந்தார்கள். பெண்ணைப் பிடித்திருந்தது. பையனின் அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார், கல்யாண வயதில் தாய்மாமன் இருக்கும்போது ஏன் வெளியில் கொடுக்கிறீர்கள் என்று. கேட்பார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். அதில் பெரிய பொய்யும் இல்லை.

நான் வாயைத் திறந்தேன். ஜாதகம் என்ற வார்த்தை வரவில்லை. அதற்குப் பதிலாக, எங்களுக்கு ஒரு பையன் இருந்தான் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தத் தெரியவில்லை. விரல், திட்டு, ரத்தம், குளிர்பெட்டி, மகளிடம் ஒரு பக்கம் இருக்கும் பிழை, எனக்குத் தெரியாமலே இருந்த என் அண்ணன் எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. முடித்தபோது காபியில் ஆடை படிந்திருந்தது. அவர்கள் அதைக் குடிக்காமலே எழுந்துபோனார்கள். சொந்தக்காரர்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மகள் மட்டும் காபி டம்ளர்களை எடுத்துப்போகும்போது என் தோளை இடித்துவிட்டுப் போனாள். சின்ன வயதில் ஏதாவது பிடித்துவிட்டால் அப்படித்தான் இடிப்பாள்.

சில நாள் கழித்து அந்தப் பையன் மட்டும் பைக்கில் வந்தான். சட்டைப்பையில் மடித்த காகிதத்தில் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தான். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. சென்னைப் பெண்ணுக்கு டெலிபோன் பூத்திலிருந்து போன் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடிக்கு உள்ளே நின்று அவன் வெகுநேரம் பேசினான். வெளியே நின்று அவன் தலை ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் போய் ரத்தம் கொடுத்தான். அவனிடம் அந்தப் பிழை இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு அந்தச் சென்னைப் பெண் என் மனைவியிடம் ஒன்று கேட்டாள். மகனுடைய ரத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் முறையாக அழித்துவிடுகிறோம், விருப்பம் இருந்தால் மற்றப் பிள்ளைகளுக்காக இன்னும் வைத்திருக்கிறோம் என்று. மனைவி என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டாள், அங்கேயே இருக்கட்டும் என்று.

எங்கள் வழக்கத்தில் மணமேடை ஏறும் பெண்ணுக்குத் தாய்மாமன்தான் நெற்றிப்பட்டம் கட்ட வேண்டும். வேறு யாரும் கட்டக்கூடாது. என் மகளுக்குத் தாய்மாமன் அவன் ஒருவன்தான். வருவானா மாட்டானா என்று முதல்நாள் வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. அக்காவைக் கேட்டால் எனக்குத் தெரியாது என்றாள்.

வந்தான். தாய்மாமன் சீர்த்தட்டோடு, சவரம் செய்த முகத்தோடு வந்தான். எந்தப் புடவைக்கு நான் அட்டை அடித்தேனோ அதே புடவையில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பட்டத்தை அவள் நெற்றியில் வைத்து, நூலைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போடப் பார்த்தான். வருடக்கணக்காக வேன் ஓட்டிய கை. முடிச்சு விழவில்லை. இரண்டாம் தடவையும் நழுவியது. மேளக்காரர் அவனையே பார்த்து வாசிப்பை நீட்டிக்கொண்டிருந்தார். என் மகள் திரும்பாமல், குனிந்த தலையோடு, மேடையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அவசரமே இல்ல மாமா. இறுக்கிக் கட்டு."

அக்கா எழுந்து போய் நூலின் ஒரு முனையைத் தன் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் முடிச்சைப் போட்டான்.